பழைய செஸ் கடிகாரம்: ஜோடிக்குத்தான் விலை

“தாத்தா வீட்டுப் பரணில் இருந்தது. இரண்டு முகம், மேலே இரண்டு பொத்தான். நூறு வருஷம் இருக்கும் என்கிறார்கள். என்ன விலை போகும்?” பழைய செஸ் கடிகாரம் பற்றி வருகிற கேள்விகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும். கூடவே ஒரு போட்டோவும் வரும். முன்பக்கம் மட்டும் தெரியும். கண்ணாடியில் ட்யூப்லைட் பளிச்சிடும். டயலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது.

விலைக்குப் போகுமுன் ஒன்று. இந்தப் பொருளில் வயதுக்குக் கிடைக்கும் மரியாதை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. செஸ் கடிகாரம் என்பது ஒரு கூட்டுக்குள் இருக்கும் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே மெஷின், ஒரே டயல், ஒரே முள், ஒரே வேகம். அப்படி இருந்தால்தான் ஆட்டத்தில் நியாயம். சேகரிப்பவர் காசு கொடுப்பதும் அந்தப் பொருத்தத்துக்குத்தான். ஒரு பக்கம் பழுதாகி, வாட்ச் கடைக்காரர் அலாரம் டைம்பீஸ் ஒன்றின் மெஷினை அதில் மாட்டியிருந்தால், 1905ஆம் வருஷத்துக் கடிகாரம்கூட அலமாரி அலங்காரத்துக்குத்தான் ஆகும். ஜோடி கலையாத 1950களின் சாதாரணக் கடிகாரம் அதைவிட நல்ல விலைக்குப் போகும். ஆகவே யார் வந்து கேட்டாலும் பின்மூடியைத் திறந்து இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கச் சொல்கிறேன். வயதெல்லாம் அதற்கப்புறம்.

இருந்தாலும் வயதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏமாற்றுகிறவர்கள் விளையாடுவது அங்கேதான்.

1851இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் கடிகாரமே கிடையாது. எலைஜா வில்லியம்ஸ் ஒரு காயை நகர்த்த மணிக்கணக்கில் யோசித்தார் என்று ஹோவர்ட் ஸ்டாண்டன் பொருமித் தீர்த்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டங்களில் அந்த வில்லியம்ஸிடமே தோற்கவும் செய்தார். 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரம் வைத்தார்கள். 24 நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம். 1866இல் ஆண்டர்சனும் ஸ்டைனிட்ஸும் ஆடியபோது ஆளுக்கொரு தனிக் கடிகாரம். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, ஒன்று ஓடினால் மற்றது நிற்கும்படி செய்தவர் மான்செஸ்டர் செஸ் கிளப்பைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சன். அது முதன்முதலில் மேஜைக்கு வந்தது 1883 லண்டன் போட்டியில். மறுவருஷம் லிவர்பூலைச் சேர்ந்த அமாண்டஸ் ஷீர்வாட்டர் இதே வகைக் கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்.

எனவே “1870களின் செஸ் கடிகாரம்” என்று யாராவது ஜோடிக் கடிகாரம் ஒன்றை நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பழைய மணற்கடிகாரம் இரண்டை வைத்துக்கொண்டு “இது செஸ்ஸுக்குப் பயன்பட்டது” என்பவரிடமும் மணற்கடிகாரத்துக்கு உண்டான விலையை மட்டும் பேசுங்கள். செஸ் என்ற பெயருக்குத் தனியாகக் கொடுக்க அதில் எந்த அடையாளமும் இல்லை.

வில்சன் வழிவந்த கடிகாரத்தை ‘டம்ப்ளிங் க்ளாக்’ என்பார்கள். உண்மையில் பெரிய விலை பேசப்படுவது இதற்குத்தான். நடுவில் ஒரு தாங்கி. அதன்மேல் சீசா பலகைபோல் ஏறி இறங்கும் பித்தளைச் சட்டம். சட்டத்தின் இரு முனையிலும் டப்பா வடிவத்தில் தலா ஒரு சிறிய கடிகாரம். நிமிர்ந்து நிற்பது ஓடும், சாய்ந்தது நின்றுவிடும். காயை நகர்த்திய பிறகு சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினால் எதிராளியின் கடிகாரம் நிமிர்ந்து ஓடத் தொடங்கும். பொத்தான் இல்லை, நெம்புகோல் இல்லை. சாய்வதும் நிமிர்வதும்தான் ஸ்விட்ச்.

இப்படி ஒன்று கையில் கிடைத்தால் பார்க்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். சட்டம் அச்சில் லொடலொடவென்று ஆடக்கூடாது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் அங்கேயே உட்கார வேண்டும். டப்பாக்களைச் சட்டத்தோடு பிணைக்கும் இடத்தில் புதிய ஈயப்பற்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒரு பக்கம் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது, அல்லது மாற்றப்பட்டிருக்கிறது. டயல்கள் இரண்டிலும் எண்களின் எழுத்துரு ஒன்றாக இருக்கட்டும். ‘4’ என்ற எண்ணையோ ரோமன் நான்கையோ ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். டயலில் பிராட்ஃபோர்டின் ஃபட்டோரினி அண்ட் சன்ஸ் மாதிரி பெயர் இருந்தால் நல்லது. ஆனால் அந்தக் காலத்து டயலில் இருக்கும் பெயர் பல சமயம் விற்றவர் பெயர்தான். உள்ளே இருக்கும் மெஷின் வேறு நாட்டில் செய்ததாக இருக்கலாம். அதனால் விலை குறையாது. இரண்டு டப்பாவிலும் ஒரே மெஷின் இருந்தால் போதும்.

அடுத்தது கொடி, டயலில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் சின்னத் தகடு. பன்னிரண்டை நெருங்கும் நிமிட முள் அதைத் தூக்கும். மணி ஆனதும் தகடு பொத்தென்று விழும். “கொடி விழுந்துடுச்சு” என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். இந்த யோசனை 1899இல் ஹாலந்தில் மெய்யர் என்பவரிடமிருந்து வந்தது. எல்லா இடத்துக்கும் பரவ அதற்கப்புறமும் பல வருஷம் ஆயிற்று. பொத்தான் அமுக்கும் மாடலை 1900இல் அதே ஹாலந்தின் குரோனிங்கனில் வேன்ஹோஃப் செய்தார். இந்த இரண்டு வருஷத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கொடியும் பொத்தானும் உள்ள கடிகாரத்தை 1880களின் சரக்கு என்று விற்க முடியாது. டம்ப்ளிங் கடிகாரத்தில் கொடி இருந்தால் ஒன்று அது பிற்காலத்தது, இல்லையென்றால் கொடியைப் பின்னால் யாரோ சேர்த்திருக்கிறார்கள். டயலில் கொடிக்காகப் போட்ட துளையின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட துளை வழவழப்பாக இருக்கும். பின்னால் துளைத்திருந்தால் எனாமல் செதில் பெயர்ந்திருக்கும்.

ஸ்க்ரூவும் காட்டிக்கொடுக்கும். கூட்டல் குறி வெட்டுள்ள ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ வந்தது 1930களில். ‘முதல் உலகப் போருக்கு முந்தையது’ என்று சொல்லப்படும் கடிகாரத்தின் பின்மூடியில் அந்த ஸ்க்ரூ இருந்தால், குறைந்தபட்சம் அந்த மூடியாவது முந்தையது அல்ல. ‘மேட் இன் ஜெர்மனி’ என்று நாட்டுப் பெயர் போடும் பழக்கம் பிரிட்டனின் 1887 வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு பரவியது. ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்ற எழுத்து ஜெர்மனியில் 1891இல் தொடங்கிய பதிவு முறையின் அடையாளம். இரண்டாம் உலகப் போர் வரை இருந்தது. ‘வெஸ்டர்ன் ஜெர்மனி’ என்றால் 1949க்குப் பின். ‘ஜி.டி.ஆர்.’ என்றால் 1949க்கும் 1990க்கும் நடுவே. ரஷ்ய எழுத்தில் ‘சி.சி.சி.பி.’ மாதிரித் தெரிவது சோவியத் யூனியன். 1991க்கு அப்பால் போகாது. எட்டுமுனை நட்சத்திரத்துக்குள் ‘ஜே’ என்றால் யுங்ஹன்ஸ். குறுக்காக வைத்த இரண்டு அம்பு என்றால் ஹாம்பர்க் அமெரிக்கன் க்ளாக் கம்பெனி. அந்தக் கம்பெனி பிறகு யுங்ஹன்ஸோடு சேர்ந்துவிட்டது. எனவே அம்புக் குறி இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தைக் காட்டும் நல்ல சாட்சி. மரக்கூட்டில் வந்த இந்த ஜெர்மன் கடிகாரங்கள், ஜோடி சரியாக இருந்தால், நடுத்தர விலைக்காரர்கள் கொஞ்சம் தைரியமாக வாங்கக்கூடிய சரக்கு.

இனி உங்கள் பரணில் இருப்பதற்கு வருவோம். நம் ஊர்ப் பரண்களிலும் கிளப் அலமாரிகளிலும் கிடைப்பதில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. சோவியத் நாட்டின் ஓர்யோல் நகரத்து ‘யான்டார்’, கிழக்கு ஜெர்மனியின் ரூலாவில் செய்த ‘கார்டே’, யுகோஸ்லாவியாவின் ‘இன்சா’, மேற்கு ஜெர்மனியின் ‘பி.எச்.பி.’, ‘யெர்கர்’. எல்லாம் உழைக்கிற சரக்கு, அடித்து ஆடத் தாங்கும் சரக்கு. ஆனால் ஏராளமாகச் செய்தார்கள். 1980களின் கடைசியில் பாபி ஃபிஷர் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி சேர்த்துக் கொடுக்கும் டிஜிட்டல் கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சாவி கொடுக்கும் கடிகாரத்தால் அதைச் செய்யவே முடியாது. ‘டி.ஜி.டி.’ போன்ற டிஜிட்டல் கடிகாரங்கள் போட்டிகளைப் பிடித்துக்கொண்டதும் உலகெங்கும் கிளப்கள் பழையவற்றை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டன. வரத்து அதிகம், ஆகவே விலை சில ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது அபூர்வம். 2020இல் ‘தி குவீன்ஸ் காம்பிட்’ தொடர் வந்தபோது இவற்றின்மீது ஒரு மோகம் கிளம்பியது. அந்த அலையில் கேட்ட விலையை இன்றைக்கும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கேட்கிற விலையை இல்லை. இணைய ஏலத் தளங்களில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டி, உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள்.

போருக்கு முந்தைய மரக்கூட்டுக் கடிகாரம் இதைவிடச் சில மடங்கு போகும். பெயரும் ஜோடியும் சரியாக உள்ள டம்ப்ளிங் கடிகாரம் இலட்ச ரூபாய்ப் பேச்சுக்கு வரும். இந்த மூன்று படிகளுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது நிலைமைதான்.

நிலைமையைச் சோதிப்பது எப்படி? இரண்டு பக்கத்துக்கும் எண்ணிச் சாவி கொடுங்கள். ஒரு பக்கம் பன்னிரண்டு சுற்றில் இறுகி, மற்றது ஏழில் இறுகினால் வில் மாற்றப்பட்டிருக்கலாம். சத்தத்தைக் கேளுங்கள், இரண்டும் ஒரே தாளத்தில் அடிக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், அடுத்து மறுபக்கத்தை ஒரு மணி நேரம். போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு இரண்டும் ஒரே அளவு முந்துகிறதா, பிந்துகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நிமிஷம் பிந்தினால் கவலை வேண்டாம். ஒன்று முந்தி மற்றது பிந்தினால்தான் யோசிக்க வேண்டும்.

பொத்தானை அமுக்கியதும் உள்ளே நடப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், அழகான வேலை. பொத்தான்கள் இரண்டும் ஒரே சட்டத்தின் இரு முனை. நீங்கள் உங்கள் பக்கத்தை அமுக்கும்போது மயிரிழை மாதிரி ஒரு கம்பி உங்கள் பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பில் வந்து ஒட்டி அதை நிறுத்திவிடும். அதே கணத்தில் எதிர்ப்பக்கக் கம்பி விலகும். விலகும்போதே சக்கரத்துக்கு ஒரு சிறு உந்தல் கொடுத்துவிட்டுப் போகும். ‘ஒரு பக்கம் ஓடவே மாட்டேங்குது’ என்று கொண்டுவரும் கடிகாரங்களில் பலவற்றின் நோய் இந்தக் கம்பி வளைந்ததுதான். பொறுமையுள்ள வாட்ச் ரிப்பேர்க்காரர் இடுக்கியால் சரிசெய்துவிடுவார். விற்பவர் ‘மெஷின் போச்சு’ என்று நினைத்து விலையைக் குறைத்திருந்தால் உங்களுக்கு லாபம். பேலன்ஸ் சக்கரத்தின் கூர்முனை தேய்ந்திருந்தால் மட்டும் செலவு கொஞ்சம் கூடும்.

கொடியின் நிலையும் முக்கியம். முள்ளைப் பின்னோக்கித் திருப்பித் திருப்பி அதை வளைத்து வைத்திருப்பார்கள். எப்போதும் முன்னோக்கியே திருப்புங்கள். பழைய போட்டிகளில் நேரம் முடிகிற புள்ளி ஆறு மணியில் வரும்படி வைப்பது வழக்கம். 40 நகர்த்தலுக்கு இரண்டரை மணி என்றால் ஆட்டம் மூன்றரைக்குத் தொடங்கும். பழைய போட்டிப் படங்களில் ஆட்டத் தொடக்கத்தில் கடிகாரங்கள் மூன்றரை காட்டுவது இதனால்தான், காலையில் ஆடியிருந்தாலும் சரி.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு: பளபளவென்று தேய்ப்பது. புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. குத்துவிளக்குக்கு அது சரி. கடிகாரத்தின் பித்தளையில் தொழிற்சாலை போட்ட அரக்குப் பூச்சும், அதன்மேல் காலம் ஏற்றிய பழுப்பும் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் வாங்குகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். மரக்கூட்டுக்குப் புது வார்னிஷ் அடிப்பதும் அதே பாவம். டயல் மங்கியிருக்கிறது என்று புதிதாக அச்சடித்து ஒட்டிவிட்டால் விலை பாதாளத்துக்குப் போகும். மங்கிய டயல் இரண்டும் ஒரேபோல் மங்கியிருப்பதே நல்ல சான்று. துரு எடுக்கிறேன் என்று மெஷினுக்குள் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அது அப்போதைக்கு ஓடவைக்கும், பிறகு தூசியைப் பிசினாக்கி நிரந்தரமாக நிறுத்திவிடும். கடிகார எண்ணெய் என்று தனியாக இருக்கிறது. அதுவும் ஊசி நுனியளவு போதும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. சென்னை, தூத்துக்குடி, நாகை காற்றில் எஃகு முள் சீக்கிரம் துருப்பிடிக்கும். காகித டயலில் பழுப்புப் புள்ளி விழும். கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைப்பது ஈரத்தை உள்ளேயே அடைப்பதாகும். வாரம் ஒருமுறை இரண்டு பக்கத்தையும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். எப்போதும் ஒரே பக்கத்தை ஓடவைத்தால் ஜோடியை நீங்களே பிரிக்கிறீர்கள்.

அடுத்தது கதை. பழைய பொருளின் விலையில் கதைக்குப் பெரிய பங்கு உண்டு, பொய்க்கும் அதே அளவு பங்கு உண்டு. 1972இல் ரெய்க்யாவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடியதைச் சொல்லிக் கடிகாரம் விற்பவர்கள் உண்டு. வாக்கியத்தை நிதானமாகப் படியுங்கள். ‘அந்த ஆட்டத்தில் பயன்பட்ட வகை’ என்றிருக்கும். ‘அந்த ஆட்டத்தில் பயன்பட்டது’ என்றிருக்காது. வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. நம் ஊரிலும் இது நடக்கும். சென்னை சோவியத் கலாசார மையத்தில் இருந்த டால் செஸ் கிளப்பில் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் ஆடினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதனாலேயே ரஷ்யக் கடிகாரம் எதைப் பார்த்தாலும் “ஆனந்த் தட்டியது” என்று சொல்ல வாய் வரும். கிளப்பின் இருப்புப் பதிவேட்டு எண் கடிகாரத்தின் அடியில் எழுதியிருக்கிறதா? அந்த எண்ணைச் சொல்லும் காகிதம் இருக்கிறதா? அன்றைய போட்டோவில் இதே கீறல் இதே இடத்தில் தெரிகிறதா? மூன்றில் ஒன்றாவது இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் கதையைக் கேட்டு ரசித்துவிட்டு, கடிகாரத்துக்கு மட்டும் விலை கொடுங்கள். உங்கள் குடும்பக் கடிகாரத்துக்கு அப்படி உண்மையான கதை இருந்தால், அதைத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே தேதியிட்டு எழுதி வாங்கி, பழைய படத்தோடு சேர்த்து வையுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ, வேறு எந்தப் பழம்பொருள் கடையிலோ பார்த்தால், கையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் லென்ஸும் இருக்கட்டும். பின்மூடியைத் திறக்க விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். திறந்தால் பேட்டரி டப்பா தெரிகிறது, வெளியே மட்டும் ‘ஆன்டிக் ஃபினிஷ்’ பித்தளை என்றால் அது அழகுப்பொருள். அழகுக்காக வாங்குவது தப்பில்லை. இணையத்தில் வாங்கும்போது நான்கு படமும் ஒரு வீடியோவும் கேளுங்கள்: இரண்டு டயலும் நேராக ஒரே படத்தில், பின்மூடி திறந்த நிலையில் இரண்டு மெஷினும், அடிப்பாகம், கொடிகள் தூக்கிய நிலையில், பொத்தான் இரண்டு பக்கமும் அமுக்கிய வீடியோ. நீங்கள் விற்கும்போதும் இதே ஐந்தையும் நீங்களாகவே கொடுங்கள். குறையை மறைக்காமல் சொன்னால் விலை குறையும் என்ற பயம் வேண்டாம். இந்தத் துறையில் வாங்குகிறவர்கள் குறையைக் கண்டுபிடிப்பதில் கில்லாடிகள், சொல்லாமல் விட்டால் மொத்த விற்பனையும் போய்விடும்.

வெளிநாட்டுக்காரர் யாராவது டம்ப்ளிங் கடிகாரத்துக்கு நல்ல விலை சொன்னால் உடனே ஒத்துக்கொண்டுவிடாதீர்கள். நூறாண்டு கடந்த கைவினைப் பொருட்களை நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. உங்கள் கடிகாரம் அதில் வருமா வராதா என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் கேளுங்கள்; வராது என்றால் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். நூறு வருஷம் ஆகாத யான்டாருக்கும் கார்டேவுக்கும் இந்தத் தொல்லை கிடையாது.

உள்நாட்டுக்குள் அனுப்புவதென்றால், இரண்டு பக்கத்துக்கும் கொடுத்த சாவி முழுவதும் இறங்கும்வரை ஓடவிடுங்கள். பொத்தான் சட்டம் ஆடாதபடி அதன் அடியில் மடித்த பருத்தித் துணி வையுங்கள். டம்ப்ளிங் என்றால் நடுச்சட்டத்தை இருபுறமும் முட்டுக்கொடுத்துக் கட்டுங்கள். சாவி இறங்காமல் கட்டினால் வழியில் ஒரு குலுக்கல் போதும், மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். டிக்டிக் என்று சத்தம் போடும் பெட்டியை எந்த கூரியர் கவுன்டரிலும் வாங்க மாட்டார்கள்.